இரண்டாம் எண் குடுவை

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே நலம். நீ நலமா என்று மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் கேட்கவில்லை. ஆனால் பதில் எழுது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நீ "ம்" என்கிறாய், நான் "சரி" என்கிறேன். நடுவில் அம்மா, "எல்லாம் நல்லாப் போகுது, நீ ஒழுங்காப் படி" என்கிறாள். இரண்டு மாடுகள் வழியில் சந்தித்தால்கூட இதைவிட நிறையப் பேசிக்கொள்ளும். நீ அம்மாவோடு அந்த ஊர் மருத்துவமனைக்குப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. உன் கட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்பா வழக்கம் போல நீரேற்று நிலையத்துக்குப் போய் வருகிறார். மேல்நிலைத் தொட்டியில் பாசி பிடித்துவிட்டது என்று ஆள் இறக்கித் தேய்த்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்களாம். சட்டை, பை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் அந்த வாடைதான். "பொண்ணு பாசிய வளக்கிறா, அப்பன் பாசிய அழிக்கிறான். நல்ல குடும்பம்டா இது!" என்று அவரே சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உன் செருப்பை எடுத்துத் துடைத்து அலமாரிக்குள் வைத்தார். வாசலிலேயே இருக்கட்டும் என்று சொல்ல நினைத்தேன்.

நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் உன் ஆய்வகத்துக்குப் போனேன். சோடாபுட்டி அண்ணன்தான் இருந்தார். (அவர் முன்னால் அப்படிக் கூப்பிடவில்லை, பயப்படாதே.)

"என்னம்மா வேணும்?"

"அக்காவோட பாசியப் பாக்கணும்."

"பாத்து?"

"அக்காவுக்கு எழுதணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் குழந்தை மாதிரி இருக்கிறது. "எதையும் தொடாத. பேசாத. தும்மல் வந்தா வெளியே ஓடிடு" என்றார்.

நான் போன நேரத்தில் பாசி அலமாரியில் விளக்கு அணைந்தது. பாசிகளுக்கு அப்போது ராத்திரியாம்! "அதுங்க வெளிச்சத்துல வளரும், இருட்டினாத்தான் பிரியும். நாம ராத்திரியெல்லாம் முழிக்க முடியாதுல்ல? அதான் சாயங்காலமே ராத்திரி ஆக்கிட்டோம். உங்க அக்கா யோசனைதான்" என்றார். நீ சொல்லவே இல்லையே அக்கா. ராத்திரியையே நகர்த்தி வைத்திருக்கிறாய்.

உன் கையெழுத்தில் எண் போட்ட இரண்டு குடுவைகள். முதலாவது பச்சைப்பசேலென்று இருக்கிறது. இரண்டாவதில் "தொடாதே" என்று எழுதியிருக்கிறாய். அது வெளிறிப்போய் இருக்கிறது. அதற்கு ஓர் உவமை தோன்றியது, எழுதி அடித்துவிட்டேன். அதில் என்ன இருக்கிறது? சோடாபுட்டி அண்ணனைக் கேட்டால் கரும்பலகைக்குப் போய்ப் புரியாத பாடம் நடத்துகிறார்.

உன்,
புழு


ஜூலை 14

அன்புள்ள புழுவுக்கு,

என் கட்டில் ஜன்னல் பக்கம். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் ஜன்னல். அதற்குள்ளும் ஒரு கட்டில் தெரிகிறது. போதுமா?

உன் கடிதத்தை அம்மா குளிக்கப் போனபோது படித்தேன். மாடுகளைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்ததில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார். அவர் என்னை "ஆராய்ச்சி" என்றுதான் கூப்பிடுவார். "என்ன ஆராய்ச்சி, ஊசி போட்டா அழுவாங்க, நீ சிரிக்கிற?"

இங்கே எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது என்று நினைக்கிறாள். அதனால் உனக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம். இந்தக் கடிதங்களில் பொய் கூடாது. கஷ்டமாக இருந்தால் எழுதாமல் விட்டுவிடலாம், மாற்றி எழுதக் கூடாது. எனக்கு உண்மை சொல்ல ஓர் ஆள் வேண்டும். நீ சின்னப் பெண்தான், புத்தகப் புழுதான், ஆனால் வேறு யாரும் அகப்படவில்லை.

இரண்டாம் எண் குடுவையில் இருப்பது களைக்கொல்லி, வயலுக்கு அடிப்பது. செல்லுக்குள்ளே மிக மெல்லிய குழல்கள் உண்டு. பிரிகிற நேரம் வந்ததும், கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிற மாதிரி, செல் அந்தக் குழல்களைக் கட்டிக்கொண்டு தன் சொத்தை இரண்டு பங்காக இழுத்து வைக்கும். வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடும். களைக்கொல்லி அந்தக் கம்புகளைச் சேரவிடாது. சாரம் இல்லாவிட்டால் கொத்தனார் என்ன செய்வார்? பீடி பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பார். செல்லும் அப்படித்தான். வளரும், உப்பும், பிரியாது. இந்தப் பாசி ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்தான், அது நீந்துகிற இரண்டு வால்களும் அதே குழல்களால் ஆனவை. ஆகையால் வாலும் போய்விடும், நீச்சலும் போய்விடும்.

எனக்கு ஏற்றுகிற மருந்தும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் ஒரே மருந்து இல்லை. என் மருந்து பாசியிடம் பலிக்காது, களைக்கொல்லி என் கழுத்துக் கட்டியிடம் பலிக்காது. பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் மாதிரி, முகம் வேறு, புத்தி ஒன்று. நான் பாசிக்குச் செய்துகொண்டிருந்ததை இப்போது எனக்குச் செய்கிறார்கள். பாசி என்னைப் பார்த்தால் நன்றாகச் சிரிக்கும்.

ஒரே ஒரு சிக்கல். அந்தக் குடுவையில் ஒரு செல்லாவது மருந்துக்குத் தப்ப வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறேன். எனக்குள்ளே ஒன்றுகூடத் தப்பக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டால் கடவுள் குழம்பிப்போவார். அதனால் நான் எதையும் வேண்டிக்கொள்வதில்லை. நீ போய்ப் பார். பார்த்ததை எழுது.

அப்பாவை அந்தப் பையோடு ஆய்வகப் பக்கம் விடாதே.

அன்புடன்,
அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தேன்!

மைக்ரோஸ்கோப்பில் முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது, பெரிய காடு மாதிரி. சோடாபுட்டி அண்ணன், "கண்ண ஒட்டாத, கொஞ்சம் தள்ளி வை" என்றார். அப்புறம் பச்சையாக வந்தது.

முதல் குடுவையிலிருந்து ஒரு சொட்டு. எல்லாம் திருவிழாக் கூட்டம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் ஓட்டத்தை நிறுத்தி, வாலை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்தது. நான் வீட்டுப்பாடம் எழுதுவதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன். நடுவில் கோடு விழுந்து இரண்டானது. பிறகு குறுக்கே இன்னொரு கோடு விழுந்து நான்கு. நான்கும் பழைய தோலுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. கடைசியில் தோல் கிழிந்து ஒவ்வொன்றாக நீந்திப் போய்விட்டன. கழற்றிப் போட்ட சட்டை மாதிரி தோல் மட்டும் கிடந்தது.

"தாய்ச் செல் செத்துப்போச்சாண்ணே?"

"சாகலையே. எங்க பிணம்? அதுதான் நாலாப் போயிடுச்சு."

பஸ்ஸில் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இரண்டாம் எண் குடுவையில் நீ சொன்னபடியே இருக்கின்றன. குண்டு குண்டாக, வால் இல்லாமல், அசையாமல். பல வெளுத்தே போய்விட்டன. எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு சந்தோஷமாகவும் இருந்தது. ஏன் சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். அம்மா அன்றைக்கு அப்பாவிடம் போனில், "ஒண்ணுகூட மிஞ்சக் கூடாதாம், மிஞ்சினா அதுவே பெருகிடுமாம், டாக்டர் சொன்னாரு" என்றாள். அது எனக்கும் கேட்டது.

இங்கே யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அப்பா "உடம்பு சரியில்ல" என்கிறார். அம்மா "அது" என்கிறாள். ஒப்பந்தப்படி நான் எழுதுகிறேன்: புற்றுநோய். எழுதிவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

உன்,
புழு


ஆகஸ்ட் 5

அன்புள்ள புழுவுக்கு,

கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று சொல்லாதே. விரல் நுனிகள் மரத்துவிட்டன. நரம்புக்குள்ளேயும் அதே குழல்கள்தான் ஓடுகின்றன. மருந்து ஆளைப் பார்த்து அடிக்கத் தெரியாத அடியாள், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் இரண்டு வைக்கிறது. பித்தான் போட முடியவில்லை. அம்மா போட்டுவிடுகிறாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி மேல் பித்தானைப் போட்டுவிட்டு ஒரு தட்டு தட்டுகிறாள் பார், அப்போதுதான் எனக்குத் தாங்குவதில்லை.

முடியும் போய்விட்டது. தலை நல்ல வடிவம் என்று நர்ஸ் பாராட்டினார். இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தோமே!

நீ எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். குடுவை வேறு, நான் வேறு. அதில் எல்லாம் பிரியாமல் இருப்பதால் எனக்கு நல்லது என்றோ, ஒன்று பிரிந்தால் எனக்குக் கெட்டது என்றோ நினைக்காதே. நீ நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நானும் சில நாள் நினைக்கிறேன், பிறகு வெட்கமாக இருக்கிறது.

அது எனக்கு ஏன் வேண்டும் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. மருந்துக்குத் தப்பிய ஒன்று கிடைத்தால், அதன் குழல்களில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கலாம். மருந்து எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். என் ஆய்வே அதுதான். அதோடு, அந்த ஒன்றின் வம்சத்துக்கு ஒரு பெயர் வைப்பார்கள், கண்டெடுத்தவரின் முதல் எழுத்தைச் சேர்த்து. கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரு துளி அனுப்பி வைப்பார்கள். அவர்கள் ஊரில் அது பிரிந்துகொண்டிருக்கும். நான் கல்யாணம் பண்ணவில்லை, பிள்ளை பெறவில்லை. என்னிடமிருந்து போய் எங்கேயாவது ஏதாவது பெருகிக்கொண்டிருக்கும் என்றால் அது அந்தப் பாசி மட்டும்தான். இதைப் படித்துவிட்டு அழாதே. ஒப்பந்தப்படி எழுதினேன், அவ்வளவுதான்.

பச்சை திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு. திரும்பினால் அன்றைக்கே எழுது.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். தேர்வு இருந்தது. அறிவியலில் நான்தான் வகுப்பில் முதல். கணக்கில் மூன்றாவது, அதற்கு அப்பா திட்டவில்லை, "சரி விடு" என்றார். முன்பெல்லாம் என்ன திட்டு திட்டுவார்! இப்போது நான் என்ன செய்தாலும் "சரி விடு"தான். அவர் சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று அவர் நினைக்கிறார். நான் அவர் நினைப்பைக் கலைக்கவில்லை.

சோடாபுட்டி அண்ணனுக்குக் கண்வலி. இரண்டு கண்ணும் சிவந்து வீங்கி, மைக்ரோஸ்கோப் பக்கமே வரக் கூடாது என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். பாவம், அவருக்குக் கண்தானே எல்லாம்.

இரண்டாம் எண் குடுவையில் மாற்றம் எதுவும் இல்லை. அப்படியேதான் இருக்கின்றன, குண்டு குண்டாக. நீ நம்புவதற்காக ஒன்றைப் பெரிதாகப் படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். மருந்து நன்றாக வேலை செய்கிறது அக்கா. கவலைப்படாதே.

உன்,
புழு


ஆகஸ்ட் 31

புழு,

படம் கிடைத்தது. நன்றாக வரைந்திருக்கிறாய். செல் உப்பியிருக்கிறது, சுவர் தடித்திருக்கிறது, நிழல்கூடப் போட்டிருக்கிறாய்.

வால் எங்கிருந்து வந்தது?

இரண்டு வால், ஒரே நீளத்தில், அழகாக வளைந்து. மருந்து வேலை செய்கிற செல்லுக்கு வால் கிடையாது என்று நீயே எனக்கு எழுதியிருக்கிறாய். குண்டு உடம்பை யோசித்து வரைந்திருக்கிறாய், வாலைக் கண்ணால் பார்த்து வரைந்திருக்கிறாய். நீ நீந்துகிற ஒன்றைப் பார்த்துவிட்டாய். எழுதும்போது பொய் சொல்லத் தெரிந்த உனக்கு வரையும்போது சொல்லத் தெரியவில்லை.

உன் மேல் வந்த கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன ஆராய்ச்சி, யாராவது லவ் லெட்டர் போட்டுட்டாங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஏன் மறைத்தாய் என்று எனக்குப் புரிகிறது. ஆகவே என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நேற்று டாக்டர் முதல்முறையாகச் சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். கட்டி இன்னும் வளர்கிறது. எனக்குள்ளே தப்பியவை தப்பிவிட்டன. வேறு மருந்து ஒன்று இருக்கிறதாம், கொடுத்துப் பார்க்கலாமாம். "பார்க்கலாம்" என்பதை அவர் சொன்ன விதத்தில் நான் புரிந்துகொண்டேன். அம்மா எழுந்து குளியலறைக்குப் போனாள்.

நீ பார்த்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு இப்போது அந்த ஒன்றுதான் பாக்கி. தேதி, என்ன பார்த்தாய், எத்தனை நீந்தின, எல்லாம் எழுது. சோடாபுட்டிக்குக் கண் சரியாகிவிட்டதா? சரியாகாவிட்டாலும் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு போ. அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுத் தட்டில் தீற்றி, தனியாக வளர வைக்கச் சொல். உடனே.

அக்கா


செப்டம்பர் 6

அக்கா,

இதை எழுத உட்கார்ந்து பல தாள்களைக் கிழித்துவிட்டேன். நேராக எழுதிவிடுகிறேன்.

குடுவையில் இப்போது ஒன்றும் இல்லை. நான்தான் கொன்றேன்.

சோடாபுட்டி அண்ணன் வராத அந்த வாரம், காவலாளிக்கு என் முகம் பழகியிருந்ததால், நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் இரண்டாம் எண் குடுவையின் அடியில் மெல்லிய பச்சை வளையம் தெரிந்தது. விளக்கு வெளிச்சமோ என்று ஜன்னலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். பச்சைதான். சொட்டு எடுத்துப் பார்த்தபோது வெளுத்துப்போன குண்டுகளுக்கு நடுவில் ஏழெட்டு நீந்திக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் ஒன்று நான்காகப் பிரிந்து தோலுக்குள் காத்துக்கொண்டிருந்தது.

முதலில் துள்ளினேன். சத்தியமாக அக்கா, முதலில் உனக்காகத் துள்ளினேன். வீட்டுக்குப் போனதும் எழுத வேண்டும் என்று ஓடி வந்தேன். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்லடா. வீக்கம் குறையலையாம்" என்றார். தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது.

குடுவை வேறு, நீ வேறு என்று எனக்குத் தெரியும். நீ எழுதியிருந்தாய், நான் நம்பினேன், சோடாபுட்டி அண்ணனுக்கே விளக்கிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவை நீந்தியது கண்ணுக்குள்ளேயே இருந்தது. என்ன திமிராக நீந்தின தெரியுமா. உன் கழுத்துக்குள்ளே நீந்துகிற மாதிரியே இருந்தது.

மறுநாள் அப்பாவின் பையிலிருந்து ப்ளீச்சிங் பவுடரைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அது உனக்கு எவ்வளவு வேண்டியது என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். உன் கடிதம் என் பைக்குள்தான் இருந்தது. தெரிந்துதான் செய்தேன். குடுவை வாயில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கொட்டினேன். பச்சை கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, பிறகு கழுநீர் மாதிரி ஆனது. மூக்கு எரிந்தது. ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று சொல்லிக்கொண்டே குடுவையைக் கலக்கினேன். பிறகு கழுவிக் கவிழ்த்துவிட்டேன். சோடாபுட்டி அண்ணனிடம் பூஞ்சை பிடித்துவிட்டது என்று சொன்னேன்.

சொட்டு எதுவும் மிச்சமில்லை. நான் சொட்டு வைத்துப் பார்த்த கண்ணாடிச் சில்லையும் கழுவிவிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது, உனக்குச் சரியாகிவிடும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. நன்றாகத் தூங்கினேன். அதுதான் எனக்கு இப்போது மிகவும் அசிங்கமாக இருக்கிறது.

புழு


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. போன் செய்தால் அம்மா, "அக்கா தூங்குறா" என்கிறாள். நேற்று அவள் அப்படிச் சொன்னபோது பின்னால் நீ இருமியது கேட்டது.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. நடந்ததைச் சொல்ல மட்டும் எழுதுகிறேன்.

சோடாபுட்டி அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "ஏழெட்டு நீந்துச்சா? நல்லாப் பாத்தியா? வால் இருந்துச்சா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். இருந்தது என்றேன். "ஐயோ, ஐயோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு, "மறுபடி போடலாம். வந்தது வரும். ஆனா இன்னொரு வருஷமோ ரெண்டு வருஷமோ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். என்னை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே போவதை நிறுத்திவிட்டேன்.

அப்பாவிடமும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"என் பையிலேர்ந்தா எடுத்த?"

"ஆமாப்பா."

"எவ்வளவு போட்ட?"

"ஒரு ஸ்பூன்."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார், கழற்றினார், திரும்பி வந்தார். "என்னைக் கேட்டிருந்தா ரெண்டு ஸ்பூன் குடுத்திருப்பேன்டா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன். பாடம் நடக்கிறது. புத்தகம் எதையும் படிக்கப் பிடிக்கவில்லை.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இதைப் படித்துவிட்டாய் என்று எப்படியாவது தெரிந்தால் போதும். போனில் ஒரு "ம்" சொன்னால்கூடப் போதும்.

உன்,
புழு


அக்டோபர் 2

புழுவுக்கு,

விரல்களுக்குப் பேனா இருப்பதே தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். அதனால் பல நாளாக எழுதிய கடிதம் இது.

நான் தூங்கவில்லை. உன்னோடு பேசப் பிடிக்கவில்லை. அம்மாவை அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். டாக்டர் சொன்னபோது அழாதவள் ஒரு குடுவைப் பாசிக்காக அழுதேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க வலிக்குது, எங்க வலிக்குது" என்று உடம்பெல்லாம் தொட்டுப் பார்த்தாள். நான் எந்த இடத்தைக் காட்டுவது?

இரண்டு வருஷம் புழு. எத்தனை பேர் கல்யாணத்துக்குப் போகவில்லை, எத்தனை நாள் உன்னோடு வெளியே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அது வந்தது. வந்து நீந்தியது. நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாய், பார்த்த கையோடு கொன்றாய். என் மேல் இருக்கிற பாசத்தால் செய்தாய் என்று எனக்குத் தெரியாதா? எனக்குள்ளே ஒரு ஸ்பூன் கொட்டிக் கழுவ முடியும் என்றால் நீயும் அப்பாவும் வாளியோடு வரிசையில் நிற்பீர்கள். அது தெரிந்தும் கோபம் போகவில்லை. பாசத்தால் செய்ததைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் செய்துவிட்டாயே என்று இன்னும் கோபம் வருகிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிவிடலாம். நர்ஸ்கூட, "எழுதிடேன் ஆராய்ச்சி, சின்னப் பொண்ணுதானே" என்றார். ஆனால் இந்தக் கடிதங்களில் பொய் கூடாது என்று நான்தான் சொன்னேன். இன்றைய தேதிக்கு மன்னிக்கவில்லை.

இரண்டாவது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, சரியாகிவிட்டது, அதனால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அம்மா உன்னிடம் சொல்வாள். பாவம், சொல்லிக்கொள்ளட்டும். நீ தலையாட்டு. உண்மை உனக்குத் தெரியும்.

இங்கேயே இருக்கலாம், வலிக்கு ஊசி போட ஆள் இருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான்தான் பிடிவாதமாகக் கிளம்புகிறேன். காரணம் நீ. கடிதத்தில் சண்டை போட்டால் ஒரு திட்டு போய்ச் சேர ஒரு வாரம், அதற்கு உன் பதில் வர ஒரு வாரம். இந்தக் கோபம் தீர நான் உன்னை நிறையத் திட்ட வேண்டும். என்னிடம் அத்தனை வாரம் இல்லை. நேரில் வந்து திட்டினால் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். முடிக்காமல் போக எனக்கு இஷ்டமில்லை.

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைக் கூட்டி வர அப்பா இப்போது கிளம்புகிறார். இதை மடித்து அவர் சட்டைப் பையில் வைக்கப்போகிறேன். ரயிலில் பிரித்துப் படித்துவிட மாட்டார், சத்தியம் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு அவர் இரண்டு முறை குளித்தார். "வாடை இருக்கா பாரு, வாடை இருக்கா பாரு" என்று கையை என் மூக்கில் கொண்டுவந்து கொண்டுவந்து காட்டினார். இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் இருந்தது.

உன் கடிதம் வந்ததும் முதல் வரியில் "அன்புள்ள" இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இல்லை. பிறகு முழுதாகப் படித்தேன். நீ மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், அதைவிட இது நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அம்மா போனில், "எல்லாம் சரியாயிடுச்சுடி, வீட்டுக்கு வர்றோம்" என்றாள். நான் "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். அந்தப் பக்கம் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் நானும் போய்த் திறந்துகொண்டேன்.

உன் கட்டிலை என் கட்டிலோடு சேர்த்துப் போட்டிருக்கிறோம். நீ குரல் எழுப்ப வேண்டியதில்லை, மெதுவாகத் திட்டினாலே எனக்குக் கேட்கும். அசதியாக இருந்தால் பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கு. எங்கே விட்டாய் என்று நான் நினைவு வைத்துக்கொள்கிறேன், எழுந்ததும் எடுத்துக் கொடுக்கிறேன். கணக்கில் மூன்றாவது வந்ததற்கும் சேர்த்துத் திட்டலாம், அதற்கு இன்னும் யாரும் திட்டவில்லை. நான் எதிர்த்துப் பேச மாட்டேன் என்று எழுத வந்தேன். அது பொய், பேசுவேன். நான் பேசினால்தான் உனக்குத் திட்ட இன்னும் கொஞ்சம் இருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வந்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திட்டித் தீர்த்துவிடாதே, அக்கா. ஒரு நாளைக்குக் கொஞ்சமாகத் திட்டு.

உன்,
புழு